மாளிகைக்காடு வாக்களித்தது, சாய்ந்தமருது பார்த்துக்கொண்டிருந்தது

கடந்த மே 6 ஆம் திகதி காலை சாய்ந்தமருதிலிருந்து மாளிகைக்காட்டுக்கு நடந்து போனேன். நடந்து போனேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். வீதியைக் கடந்தேன், அவ்வளவுதான். வெளியூர்க்காரர் ஒருவருக்கு எது சாய்ந்தமருது, எது மாளிகைக்காடு என்று பிரித்துக் காட்டுவது கஷ்டம். இரண்டு ஊருக்கும் ஜும்ஆப் பள்ளிவாசல் ஒன்றுதான். சந்தை ஒன்று, சம்பந்தம் ஒன்று, மையவாடி ஒன்று. ஆனால் மாளிகைக்காடு காரைதீவு பிரதேச சபைக்குள் வருகிறது. சாய்ந்தமருது கல்முனை மாநகர சபைக்குள் வருகிறது. அன்று காலை வீதியின் அந்தப் பக்கத்து மக்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். இந்தப் பக்கத்து மக்கள் கடை திறந்து வியாபாரம் பார்த்தார்கள்.

எல்லையோரத் தேநீர்க் கடையில் ஒரு காக்கா விரலில் மை பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மச்சான், சாய்ந்தமருதுக்காரர். "உங்களுக்கு எப்ப மச்சான்?" என்று இவர் கேட்க, "கோட்டுக்குத்தான் தெரியும்" என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்தியது. ஒரு ஊரில் அடுத்த தேர்தல் எப்போது என்ற கேள்விக்கு வாக்காளரிடமும் பதில் இல்லை, தேர்தல் ஆணைக்குழுவிடமும் பதில் இல்லை என்றால், அந்தத் தேர்தலை நடத்தும் பொறுப்பு உண்மையில் யாரிடம் இருக்கிறது?

இலங்கையில் மொத்தம் 341 உள்ளூராட்சி மன்றங்கள். மே 6 இல் தேர்தல் நடந்தது 339 மன்றங்களுக்கு: 28 மாநகர சபைகள், 36 நகர சபைகள், 275 பிரதேச சபைகள். மிஞ்சியது இரண்டு. ஒன்று காலி மாவட்டத்தின் எல்பிட்டிய பிரதேச சபை. அதற்கு 2024 ஒக்டோபர் 26 இலேயே தேர்தல் முடிந்துவிட்டது. மற்றது கல்முனை மாநகர சபை. ஆக, நாட்டில் மக்கள் தெரிவு செய்த சபை இல்லாத ஒரே உள்ளூராட்சிப் பிரதேசம் இன்று நம்முடையதுதான். ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும், முஸ்லிம்களும் தமிழர்களும் அருகருகே குடியிருக்கும் நகரம் இது. ஜூன் 2 ஆம் திகதி மற்றைய சபைகளின் பதவிக்காலம் ஆரம்பமானபோது, கல்முனையில் ஆணையாளர் வழமைபோல் தன் கடமையைத் தொடர்ந்தார்.

இது எப்படி நடந்தது என்று விளங்கிக்கொள்ள, முதலில் உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திகதி குறிக்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

திகதி எப்படி விழுகிறது?

உள்ளூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அந்தக் காலம் முடிவதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடவடிக்கை தொடங்க வேண்டும். வேட்புமனு ஏற்கும் அறிவித்தல் வெளியாகி இரண்டு வாரத்தின் பின் வேட்புமனு ஏற்கப்படும். அதற்குச் சில நாட்கள்தான் அவகாசம், கடைசி நாள் நண்பகலோடு கதவு மூடப்படும். அதன் பின்னர் தெரிவத்தாட்சி அலுவலர் வாக்கெடுப்புத் திகதியை அறிவிப்பார். அந்தத் திகதி ஐந்து வாரத்துக்குக் குறையவும் கூடாது, ஏழு வாரத்தைத் தாண்டவும் கூடாது. 2023 இல் ஜனவரி 21 இல் வேட்புமனு முடிந்து மார்ச் 9 என்று திகதி குறிக்கப்பட்டது. 2025 இல் மார்ச் 20 இல் முடிந்து மே 6 என்று குறிக்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள், இரண்டு முறையும் சரியாக 47 நாட்கள். சட்டம் தன் வழியில் போக விட்டால் தேர்தல் மணிக்கூடு மாதிரி ஓடும்.

அந்த மணிக்கூட்டை நிறுத்தும் வழிகளையும் அதே சட்டப் பரப்புதான் வைத்திருக்கிறது. முதலாவது வழி அமைச்சர். விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒரு சபையின் காலத்தை ஓராண்டு வரை நீடிக்கலாம். 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான சபைகள் 2022 மார்ச்சில் கலைந்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் அமைச்சர் ஓராண்டு நீடித்தார், அவை 2023 மார்ச் 19 வரை இருந்தன.

இரண்டாவது வழி பணம். 2023 இல் 80,000 இற்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் மனுக் கொடுத்த பிறகு, தேர்தலுக்குப் பணம் விடுவிக்க முடியாது என்று திறைசேரி கைவிரித்தது. வாக்குச்சீட்டு அச்சிடப் பணம் இல்லை, தபால் வாக்களிப்பு நடக்கவில்லை. மார்ச் 9 தவறியது. ஏப்ரல் 25 என்று புதுத் திகதி வந்தது. அதுவும் தவறியது. வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் மார்ச் 3 இல் இடைக்கால உத்தரவு கொடுத்தும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22 இல்தான் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது: தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல், கூடிய விரைவில் நடத்துங்கள். அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சிதான் 2025 மே. 2023 இன் பழைய வேட்புமனுக்களை இரத்துச் செய்ய 2025 பெப்ரவரியில் பாராளுமன்றம் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்றை நிறைவேற்றியது. மார்ச்சில் புதிதாக மனுக் கோரப்பட்டது.

மூன்றாவது வழி எல்லை. ஒரு சபையின் எல்லை பற்றிய பிணக்கு நீதிமன்றத்துக்குப் போனால், அந்தச் சபைக்கான தேர்தல் மட்டும் தனியே நின்றுவிடலாம். கல்முனை இந்த மூன்றையும் அனுபவித்தது. முதல் இரண்டும் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தவை, நீங்கியும் விட்டன. மூன்றாவது நமக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நான்கு சபைகள் ஒன்றான கதை

1987 இன் பிரதேச சபைகள் சட்டத்துக்கு முன்னர் இங்கே நான்கு உள்ளூராட்சி அமைப்புகள் இருந்தன: கல்முனை பட்டின சபை, கரைவாகு வடக்கு, கரைவாகு தெற்கு, கரைவாகு மேற்கு கிராம சபைகள். சாய்ந்தமருது கரைவாகு தெற்காகத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. புதிய சட்டத்தோடு நான்கும் ஒரே பிரதேச சபைக்குள் சேர்ந்தன. பின்னர் அது நகர சபையாகி, 2001 இல் மாநகர சபையானது. தரம் உயர உயர ஊர்களின் தனித்தன்மை உள்ளே கரைந்துபோனது என்பது சாய்ந்தமருது மக்களின் நெடுங்கால மனக்குறை. எங்களுக்கு எங்கட சபை வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்துதான் பிறந்தது.

தேர்தல் மேடைகளில் அந்தக் கோரிக்கைக்கு வாக்குறுதி கொடுக்காத கட்சி இல்லை. வாக்குறுதி நிறைவேறாதபோது 2017 இன் இறுதியில் ஊர் கடையடைத்தது. 2018 தேர்தலில் கட்சிகளை ஒதுக்கிவிட்டு, பள்ளிவாசலின் வழிகாட்டலில் ஒரு சுயேச்சைக்குழு தோடம்பழச் சின்னத்தில் களமிறங்கி, 41 பேர் கொண்ட சபையில் 9 ஆசனங்களைப் பிடித்தது. ஒரு ஊர் தன் கோபத்தை வாக்காக மாற்றிக் காட்டிய தேர்தல் அது.

2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வெளியானது. அப்போதிருந்த மாநகர சபையின் காலம் முடிந்ததும் புதிய சபை நடைமுறைக்கு வரும் என்ற ஏற்பாடு. ஊரே பெருநாள் போலக் கொண்டாடியது. ஒரு வாரம்கூட அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. தெற்கில் எதிர்ப்புக் கிளம்ப, அரசாங்கம் அந்த அறிவிப்பை நிறுத்திவிட்டது. பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. உள்ளூர் நிர்வாக எல்லை ஒன்று இனவாதப் பிரசாரத்துக்குத் தீனியாகும் என்று தெரிந்ததும் கை சுருங்கிவிட்டது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

கொடுத்ததைப் பறித்தது சரியா என்ற கேள்வியோடு விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரியில், நாடெங்கும் வேட்புமனு கோரப்பட்டிருந்த வேளையில், கல்முனை மாநகர சபைக்கான வேட்புமனுவை ஏற்பதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடைதான் 2025 மே வரை வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் நீதிமன்றத்தின் மீது பழி போடுவது இலகு, ஆனால் நியாயமில்லை. வழக்காளிகள் பக்கத்திலிருந்து பாருங்கள். பழைய எல்லையிலேயே ஒரு தேர்தல் நடந்து புதிய சபை அமர்ந்துவிட்டால், அடுத்த நான்கு ஆண்டுக்கு எல்லையில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிடுவார்கள். பிறகு வழக்கில் வென்றும் பயன் என்ன? இடைக்காலத் தடை இருப்பதே அப்படிப்பட்ட இழப்பைத் தடுக்கத்தான். சிக்கல் அந்தத் தடையின் நோக்கத்தில் இல்லை, அதன் நீளத்தில் இருக்கிறது. சில மாதங்களுக்கு உரிமையைப் பாதுகாக்கும் ஓர் உத்தரவு, இரண்டு ஆண்டைத் தாண்டும்போது வழக்கில் சம்பந்தமே படாத மருதமுனைக்காரரின், பாண்டிருப்புக்காரரின், நற்பிட்டிமுனைக்காரரின் வாக்கையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிடுகிறது. சாய்ந்தமருதுக்காரரின் வாக்கும் அந்தப் பூட்டுக்குள்தான் கிடக்கிறது.

இடைத்தேர்தல் வைக்க முடியாதா?

இந்த விடயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது. இந்தியத் தொலைக்காட்சி பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சொல் பழக்கமானது. அங்கே ஒரு உறுப்பினர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் அந்தத் தொகுதிக்கு மட்டும் தேர்தல் வருகிறது. இலங்கையில் அந்த வழக்கம் போய்விட்டது.

ஒரு காலத்தில் இருந்தது. கல்முனைத் தொகுதியே அதைப் பார்த்திருக்கிறது. 1965 இன் குடியியல் உரிமை பறிக்கும் சட்டத்தால் எம்.எஸ். காரியப்பர் தன் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். அந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அதற்குப் பின்னர் கல்முனையில் இடைத்தேர்தல் நடந்தது. 1982 டிசம்பர் 22 இல் ஜே.ஆர். ஜயவர்தன பொதுத் தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் காலத்தை நீடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மே 18 இல் 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வைத்தார். பொதுத் தேர்தலைத் தள்ளிவைத்த அரசு, அதன் குறையை மறைக்க இடைத்தேர்தலைப் பயன்படுத்திய விசித்திரம் அது. விகிதாசார முறை நடைமுறைக்கு வந்த பிறகு, ஒரு உறுப்பினரின் இடம் வெற்றிடமானால் அதே பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார். உள்ளூராட்சியிலும் அதே மாதிரிதான். உறுப்பினர் இறந்தாலும் விலகினாலும் வட்டாரத்துக்குத் தேர்தல் இல்லை. கட்சியின் செயலாளரோ சுயேச்சைக்குழுத் தலைவரோ பெயர் கொடுக்க வேண்டும், வர்த்தமானியில் வரும், முடிந்தது.

இதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. இடைத்தேர்தல் என்பது ஆட்சியாளருக்கு நடுவழியில் வரும் சோதனை. அது இல்லாதபோது ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் மக்கள் பேச வேறு வாய்ப்பு இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் தேர்தல் திகதி தவறினால் அந்த மௌனம் இரட்டிப்பாகிறது.

ஆனால் கல்முனைக்குத் தேவை இடைத்தேர்தல் அல்ல. வெற்றிடமாக இருப்பது ஒரு ஆசனமல்ல, முழுச் சபை. ஒரு சபைக்கு மட்டும் தனியாகத் தேர்தல் நடத்துவது நமது சட்டத்துக்குப் புதிதும் இல்லை. எல்பிட்டிய அதற்கு உதாரணம். 2018 பெப்ரவரியில் நாடே வாக்களித்தபோது எல்பிட்டிய வழக்கொன்றால் விடுபட்டது. வழக்கு முடிந்ததும் 2019 ஒக்டோபர் 11 இல் அங்கே தனியாகத் தேர்தல் வைத்தார்கள். அன்றிலிருந்து அதன் கால அட்டவணையே தனி. இந்த முறைகூட, முதல் அறிவித்தலில் சேராத மன்னார் பிரதேச சபை, பூநகரி பிரதேச சபை, நமது மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய பிரதேச சபை ஆகிய மூன்றுக்கும் மார்ச் மாதத்திலேயே பின்னர் மனுக் கோரி, மே 6 இலேயே வாக்கெடுப்பை நடத்தி முடித்தார்கள். 336 என்ற எண்ணிக்கை 339 ஆனது அப்படித்தான். தடை நீங்கும் நாளிலிருந்து ஏறக்குறைய பத்து வாரத்தில் கல்முனையிலும் வாக்கெடுப்பு நடத்தலாம். நிர்வாகத்துக்கு அது பெரிய காரியமில்லை.

எந்தத் தேர்தல் தள்ளிப்போகிறது?

2024 செப்டம்பர் 21 இல் கல்முனை மக்கள் ஜனாதிபதியைத் தெரிவு செய்ய வாக்களித்தார்கள். நவம்பர் 14 இல் பாராளுமன்றத்துக்கு வாக்களித்தார்கள். அதே மக்கள், அதே பாடசாலை, அதே வாக்காளர் இடாப்பு. ஆறு மாதம் கழித்து அவர்களுடைய வீதி விளக்குக்கும் வடிகானுக்கும் நூலகத்துக்கும் பொறுப்பான சபைக்கு மட்டும் வாக்களிக்க முடியவில்லை.

காரணம் சட்டத்தின் படிநிலையில் இருக்கிறது. ஜனாதிபதியினதும் பாராளுமன்றத்தினதும் காலம் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. உச்ச வரம்பைத் தாண்டி நீடிக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் வேண்டும். உள்ளூராட்சி சபையின் காலம் சாதாரண சட்டத்தில் இருக்கிறது. அதை ஒரு அமைச்சரின் கையொப்பம் நகர்த்தும். மாகாண சபைகளைப் பாருங்கள். கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பர் 30 இல் முடிவடைந்தது. அதே மாதம் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் வந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் அதே பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. இன்றுவரை ஒரு மாகாண சபைக்கும் தேர்தல் இல்லை.

ஆகவே கல்முனைக்காரருக்கு மாகாண சபையும் இல்லை, மாநகர சபையும் இல்லை. கொழும்புக்குக் கீழே அவர் தெரிவு செய்த ஒரு ஆள்கூட இல்லை. நாட்டின் மற்ற எந்த ஊருக்கும் இந்த நிலை இல்லை.

காலக்கணக்கு இன்னும் கசப்பானது. கல்முனை மாநகர சபைக்கு 2011 ஒக்டோபர் 8 இல் ஒரு தேர்தல், அடுத்தது 2018 பெப்ரவரி 10 இல். நான்கு ஆண்டுச் சபைக்கு இடையில் ஆறு ஆண்டும் நான்கு மாதமும். அதன் பிறகு ஏழு ஆண்டு கடந்துவிட்டது, அடுத்த தேர்தல் கண்ணுக்கே தெரியவில்லை. என் ராத்தாவின் மகளுக்கு இப்போது 23 வயது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்திருக்கிறாள், பாராளுமன்றத்துக்கும் வாக்களித்திருக்கிறாள். வட்டாரம் என்றால் என்ன என்று மே மாதம் அவள் என்னிடம் கேட்டாள். அவளுடைய வட்டாரம் எதுவென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

நான் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 இன் திருத்தத்துக்குப் பிறகு ஒரு சபையின் ஆசனங்களில் நூற்றுக்கு 60 வட்டாரத்திலிருந்தும் 40 பட்டியலிலிருந்தும் வரும். வாக்கு ஒன்றுதான். வட்டாரத்தில் கூடுதல் வாக்கு எடுத்தவர் வெல்வார். சபை முழுவதும் கட்சி எடுத்த வாக்குகளைக் கூட்டி, அதற்குரிய பங்கில் வட்டார வெற்றிகளைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலில் கொடுப்பார்கள். நூற்றுக்கு 25 பெண்கள் இருக்க வேண்டும். அவள் கடைசி வரியில்தான் நின்றாள். "அப்ப, எங்கட சபை இருந்திருந்தா பத்துப் பொம்பிளைகள் உள்ளுக்கு இருந்திருப்பாங்களா மாமா?" என்றாள். 41 இல் கால்வாசி, ஆம், பத்துப் பேர்.

ஆணையாளர் போதாதா?

சபை இல்லாமலே வேலை நடக்கிறதுதானே, சண்டை சச்சரவு இல்லையே என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2018 இல் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமல், முதல்வரைத் தெரிவு செய்யவே பேரம் பேசிய நாட்களை நினைத்துப் பார்த்தால் அந்தச் சலிப்பு விளங்குகிறது. ஆணையாளரும் ஊழியரும் தங்கள் கடமையைச் செய்கிறார்கள் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் சபை என்பது குப்பை அள்ளும் நிறுவனம் மட்டுமல்ல. சோல்வரி எவ்வளவு, சந்தைக் கடை யாருக்கு, எந்த வீதிக்கு முதலில் கொங்கிரீட், எந்தக் காணியில் கழிவு என்பவை எல்லாம் தெரிவுகள். ஒரு ஊருக்குக் கொடுத்தால் இன்னொரு ஊர் காத்திருக்க வேண்டிய தெரிவுகள். வரவுசெலவுத் திட்டம் சபையில் வரும்போது உறுப்பினர் எழும்பிக் கேள்வி கேட்பார், பத்திரிகையாளர் குறிப்பு எடுப்பார், தோற்றவர் வெளியே வந்து ஏசுவார். அந்த ஏச்சில்தான் பொதுமகனுக்குத் தகவல் கிடைக்கும். ஒரு அதிகாரி கையொப்பமிடும் வரவுசெலவுத் திட்டத்தில் அந்தச் சத்தம் இல்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அடுத்த தேர்தலுக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை.

வாக்களிப்பதும் ஒரு பேச்சு என்று நமது உயர் நீதிமன்றமே 1999 இல் சொல்லியிருக்கிறது. ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அவசரகாலச் சட்டத்தைக் கொண்டு தள்ளிவைத்ததற்கு எதிரான கருணாதிலக வழக்கில், வாக்கு என்பது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பெழுதினார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கல்முனை பேச முடியாமல் இருத்தப்பட்ட நகரம்.

வழி என்ன?

தமிழ்நாட்டைப் பார்த்து ஒரு பாடம் படிக்கலாம். இந்திய அரசியலமைப்பின் 243யு பிரிவு நகராட்சிகளுக்கு ஐந்து ஆண்டுகள்தான் என்று தீர்த்துச் சொல்கிறது, காலம் முடிவதற்குள் தேர்தல் முடிய வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும், 2016 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் இட ஒதுக்கீட்டுக் குறையால் இரத்துச் செய்தது. கிராமங்களின் பெரும்பகுதிக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. சென்னை மாநகராட்சிக்கு 2022 பெப்ரவரி 19 வரை மன்றமே இல்லை. எல்லை வரையறை, ஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் மாறி மாறி வந்தன. அரசியலமைப்பில் எழுதினால் மட்டும் போதாது, இழுத்தடிப்பதால் ஆட்சியாளருக்கு ஒரு நட்டமும் வராத வரை இழுத்தடிப்பு தொடரும் என்பதுதான் அந்தப் பாடம்.

நமக்கு உடனடியாக மூன்று காரியங்கள் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, நீதிமன்றத்தில். தற்போதைய எல்லையில் தேர்தலை நடத்தவும், இறுதித் தீர்ப்பு எப்படி வந்தாலும் அதற்குச் சபை கட்டுப்படவும் என்ற நிபந்தனையோடு தடையைத் திருத்தும்படி கேட்கலாம். வழக்காளிகளின் உரிமையும் காக்கப்படும், மற்றவர்களின் வாக்கும் விடுபடும். அதுவும் முடியாவிட்டால் வழக்கைத் துரிதமாக விசாரிக்கும்படியாவது எல்லாத் தரப்பும் சேர்ந்து கேட்க வேண்டும். 2024 ஓகஸ்ட் தீர்ப்பு நாட்டுக்கு என்ன சொன்னதோ அது கல்முனைக்கும் பொருந்தும்.

இரண்டு, அரசாங்கத்திடம். இது நீதிமன்றம் உண்டாக்கிய பிரச்சினை அல்ல. ஒரு அமைச்சு கொடுத்து, அரசாங்கம் நிறுத்திய பிரச்சினை. கொடுப்பதா இல்லையா என்று தீர்மானித்து மன்றில் சொல்ல வேண்டியது இன்றைய அரசாங்கத்தின் கடமை. அந்தத் தீர்மானம் சாய்ந்தமருதை மட்டும் வெட்டி எடுப்பதாக இருந்தால் மிச்சம் தீராது. சாய்ந்தமருது போனால் மிஞ்சும் சபையில் தங்கள் பலம் குறையும் என்று கல்முனைக்குடி அஞ்சுகிறது. தங்கள் நிர்வாகத்தைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காகத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதமே இருந்தார்கள். சாய்ந்தமருதுக்காரர் கேட்பதும் பாண்டிருப்புக்காரர் கேட்பதும் அடிப்படையில் ஒரே விடயம்தான்: பக்கத்திலிருந்து ஆளும் ஒரு நிர்வாகம். ஒருவருடைய கோரிக்கை உரிமை, மற்றவருடையது சதி என்று பேசும்வரை எல்லைக்கோடு எங்கே போட்டாலும் வழக்கு வரும். பழைய நான்கு சபைகளின் வரைபடத்தை மேசையில் வைத்து இரு சமூகமும் ஒன்றாக உட்காராமல் இது முடியாது.

மூன்று, பாராளுமன்றத்தில். அமைச்சரின் நீடிப்பு அதிகாரத்தை நீக்க வேண்டும். தேர்தலுக்கு ஓராண்டு முன்னர் எல்லைகள் உறைய வேண்டும், அதன் பின் வரும் மாற்றம் அடுத்த தேர்தலுக்கு. மக்கள் சபை இல்லாத காலத்தில் ஆணையாளர் தன் தீர்மானங்களையும் வரவுசெலவையும் பகிரங்கமாக வைத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

இவற்றில் எதையும் கட்சிகள் அவசரமாகக் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை. 2018 இன் ஒன்பது ஆசனங்களை அவை மறக்கவில்லை. தேர்தல் இல்லாவிட்டால் தோல்வியும் இல்லை. ஆகவே இந்தக் கேள்வியை ஊர்கள்தான் கேட்க வேண்டும். சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் மருதமுனையும் பாண்டிருப்பும் எல்லையைப் பற்றி உடன்படாமல் இருக்கலாம். தேர்தல் வேண்டும் என்பதில் உடன்படுவதற்கு எல்லை தடையில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது அந்தத் தேநீர்க் கடைக்கு மீண்டும் போனேன். மாளிகைக்காட்டுக் காக்கா தன் வட்டார உறுப்பினருக்குக் கோல் எடுத்து, ஒழுங்கையில் எரியாத விளக்கைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பதவியேற்று இரண்டு கிழமைகூட ஆகாத உறுப்பினர், பாவம். பேசி முடித்துவிட்டு மச்சானைப் பார்த்தார். சாய்ந்தமருது மச்சானின் கையிலும் போன் இருந்தது. அவருடைய ஒழுங்கையிலும் விளக்கு இருக்கிறது. கோல் எடுத்து ஏச ஒரு ஆள் இல்லை.